கல்லைச் சுற்றி முதல் வரிசை

பாசியும் ஊசியும் சேர்ந்து ஒரு நெக்லஸை யோசிக்கும் விதம்: பெங்களூருவிலிருந்து சிறப்புக் கட்டுரை

தாளில் வரைந்த நெக்லஸ் எதுவும் கழுத்தில் அப்படியே உட்காருவதில்லை. தாள் தட்டை. கழுத்து அப்படியல்ல. இரண்டு பக்கமும் காறை எலும்பு மேடு தட்டும், நடுவில் ஒரு குழி, குழிக்குக் கீழே மார்பை நோக்கி ஒரு சரிவு. மூச்சு விட்டால் இந்த நிலம் அசையும். தலையைத் திருப்பினால் ஒரு பக்கம் இழுபடும். பொன் நகைக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. சங்கிலியும் கண்ணிகளும் வளைந்து கொடுத்துவிடும். துணியின் மேல் பாசிகளை ஒவ்வொன்றாகத் தைத்து உருவாக்கும் பீட் எம்பிராய்டரி நெக்லஸ் அப்படி வளையாது. பாசி நெருங்க நெருங்கத் துணி விறைத்துக்கொள்ளும். அகலமாகத் தைத்த ஒரே துண்டை அணிந்தால், குனியும்போது கீழ் விளிம்பு மார்பை விட்டு எழும்பி நிற்கும்.

அதனால் இந்த வேலையில் முதல் கருவி பென்சில் அல்ல, பழைய செய்தித்தாளும் கத்திரிக்கோலும்தான். தாளை இரண்டாக மடித்துப் பிறை வடிவில் வெட்டி, விரித்துக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி முன் நிற்க வேண்டும். எங்கே மடிகிறது, எங்கே தூக்குகிறது என்று பார்த்துப் பேனாவால் குறிக்க வேண்டும். மடிகிற இடத்தில் நெக்லஸைத் துண்டாக்கி, பிறகு கண்ணி போட்டு இணைக்க வேண்டும். நடுவில் ஒரு பெரிய துண்டு, பக்கத்துக்கு இரண்டு சிறிய துண்டுகள் என்ற பழகிய அமைப்பு அழகுக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எலும்புதான் அதைத் தீர்மானித்தது.

நான் பெங்களூருவில் இந்த வேலையைச் செய்கிறேன், இதைச் செய்பவர்களோடு பழகுகிறேன். எனக்குள் உறுதிப்பட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பீட் எம்பிராய்டரியில் வடிவமைப்பு என்பது வரைந்து முடித்த பிறகு தைக்கக் கொடுக்கும் விஷயம் அல்ல. பாதிக்கு மேற்பட்ட முடிவுகள் ஊசி ஓடும்போதுதான் எடுக்கப்படுகின்றன. ஆகவே ஊசி பிடித்திருப்பவர் எவரோ, அவரும் வடிவமைப்பாளர்தான். வரைந்தவருக்கு 'டிசைனர்' என்றும் தைத்தவருக்கு 'லேபர்' என்றும் பெயர் வைப்பது, வேலையைப் பார்க்காதவர்கள் செய்த பாகுபாடு.

ஒரு நெக்லஸை எடுத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

ஊதாவின் சிக்கல்

பெங்களூருவில் வருடத்தை மரங்களைக் கொண்டு கணக்கிடலாம். ஜனவரியில் தபேபுயா இளஞ்சிவப்பாகத் தொடங்கிவைக்கும், பிப்ரவரி, மார்ச்சில் ஜகரண்டா ஊதாவாகும், ஏப்ரலில் குல்மோஹர் சிவக்கும். ஒன்று உதிர்ந்து முடியும்போது அடுத்தது பூக்கும்படி சாலை மரங்களை நடும் எண்ணத்தை இந்த ஊர், ஜெர்மனியிலிருந்து வந்த தோட்டக்கலை நிபுணர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகலோடு சேர்த்தே நினைவுகூர்கிறது. 1908இல் லால்பாக்குக்கு வந்தவர். 1956இல் இந்த ஊரிலேயே காலமானார்.

நான் எடுத்துக்கொண்டது ஜகரண்டா. மரத்தில் இருக்கும் பூ அல்ல, உதிர்ந்த பூ. கப்பன் பார்க் ஓரத்துக் கருங்கல் நடைபாதையில் காலையில் அது கிடக்கும் விதம். மரத்தடியில் தரை தெரியாத அளவுக்கு அடர்த்தி, தள்ளிப் போகப் போகச் சிதறல், கடைசியில் கல் மேல் தனியாக ஒன்று. நெக்லஸுக்கு வேண்டிய அமைப்பு முழுவதும் அதிலேயே இருக்கிறது: நடுவில் செறிவு, தோளை நோக்கி மெலிவு. பூவை வரையவே வேண்டாம். ஐந்து இதழும் காம்புமாகப் பூவை வரைந்து தைத்தால் அது பிளவுஸ் டிசைன் ஆகிவிடும். பிளவுஸில் அது அழகு. கழுத்தில் தனியாக நிற்க வேண்டிய பொருளில், பூவின் உருவத்தைவிடப் பூ கிடக்கும் இடைவெளிதான் பேச வேண்டும் என்பது என் கட்சி.

நிறத்தில்தான் முதல் முட்டுக்கட்டை. பாசிகளில் மிக எளிதாக வெளுப்பது ஊதாவும் இளஞ்சிவப்பும். கண்ணாடிக்குள் நிறத்தைக் கொண்டுவர உலோகக் கூட்டுப்பொருள் வேண்டும். கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும், மாங்கனீஸ் சேர்த்தால் செவ்வந்திக்கல் போன்ற கருவூதா வரும். அப்படிக் கண்ணாடியோடு கலந்த நிறம் எங்கும் போகாது. ஆனால் பளிச்சென்ற ஊதாவும் லாவண்டரும் அப்படி எளிதில் கிடைப்பதில்லை. பல வகைகளில், நிறமற்ற பாசியின் மேலோ துளைக்குள்ளோ சாயம் ஏற்றியிருப்பார்கள். வெயிலில் சாம்பலாகும், வியர்வையில் கரையும். கடை விளக்கில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நாலு பாசியை எடுத்து நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் போட்டுவைக்க வேண்டும், இன்னொரு நாலைச் சன்னலோரம் வெயிலில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பளபளக்கும் உலோகப் பூச்சுப் பாசிகளுக்கும் இதே கதைதான். பூச்சு தோலில் உரசி உரசிப் போய்விடும். விலை கொடுத்து வாங்கிய நெக்லஸ் அடுத்த வருடம் வெளுத்தால், அது அழகியல் பிரச்சினை அல்ல, வாங்கியவருக்குச் செய்த துரோகம்.

சரி, சாயம் போகாத ஜகரண்டாவுக்கு என்ன வழி? ஊதாவை வாங்காமல் ஊதாவை உண்டாக்குவதுதான் வழி. கோபால்ட் நீலம் ஒன்று, மாங்கனீஸ் கருவூதா ஒன்று, இடையே பால் கலந்தாற்போன்ற வெளிர்சாம்பல் ஒன்று. மூன்றையும் கலந்து, ஆனால் ஒழுங்கு தெரியாமல் தைத்தால், கைக்கெட்டும் தூரத்தில் தனித்தனியாகத் தெரியும். தள்ளி நின்று பார்த்தால் கண் அவற்றைச் சேர்த்து ஊதாவாக்கிக்கொள்ளும். ஒரே நிறப் பாசியைக் கொட்டித் தைத்த ஊதாவைவிட இது உயிரோடு இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். உதிர்ந்த பூவிலும் ஒரே ஊதா இல்லையே. காலையில் விழுந்தது ஒரு நிறம், நேற்று விழுந்து வாடியது இன்னொன்று.

அடியில் வைக்கும் துணியின் நிறமும் இங்கே கணக்கில் வரும். ஒளி ஊடுருவும் பாசி தன் நிறத்தை மட்டும் காட்டாது, துளைக்குள் ஓடும் நூலின் நிறத்தையும் அடித்துணியின் நிறத்தையும் சேர்த்துக் காட்டும். வெள்ளைத் துணியில் கோபால்ட் நீலம் வானம்போல் இருக்கும், கறுப்புத் துணியில் மை. நான் சாம்பல் துணியையும் சாம்பல் நூலையும் எடுத்துக்கொண்டேன். கருங்கல் தரை அடியிலிருந்தே தொடங்கட்டும் என்று.

ராஜா மார்க்கெட்டும் எண்களும்

சிக்பேட், மாமூல்பேட், நகரத்பேட், சுல்தான்பேட் என்று கைகோத்து நிற்கும் பழைய பேட்டைதான் பெங்களூருவின் கைவேலைக்காரர்களுக்குக் களஞ்சியம். கெம்பெகவுடா 1537இல் கோட்டை கட்டித் தொழிலுக்கு ஒரு பேட்டை என்று குடியமர்த்திய காலத்திலிருந்து வரும் தெருக்கள். அவென்யூ ரோட்டில் இருக்கும் ராஜா மார்க்கெட்டுக்குள் போனால் பாசி, கல், ஜரிகை, கொக்கி, குஞ்சம் எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும். கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் பதில், தமிழில் கேட்டால் தமிழில், கணக்கு மட்டும் பெரும்பாலும் இந்தியில். "சுகர் பீட்ஸா, கட் பீட்ஸாக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், ஏனென்றால் வருகிறவர்களில் பெரும்பாலோர் பிளவுஸ் வேலைக்கு வருகிறவர்கள்.

நெக்லஸுக்கு வருகிறவர் எண் சொல்லிக் கேட்பார். பாசியின் அளவுக்கு எண் உண்டு, எண் கூடக் கூடப் பாசி சிறுக்கும். 8ஆம் எண் சுமார் 3 மில்லிமீட்டர், 11ஆம் எண் 2 மில்லிமீட்டர் சொச்சம், 15ஆம் எண் ஒன்றரை. ஊசிக்கும் இதே முறைதான். 10ஆம் எண்ணைவிட 12ஆம் எண் மெல்லியது, அதன் காதில் நூல் கோர்ப்பதே ஒரு தனிப் பயிற்சி. 11ஆம் எண் பாசியில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 நிற்கும். நெருக்கமாகத் தைத்தால் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 200 பிடிக்கும். கழுத்தை நிறைக்கும் பிறை வடிவம் 12 சதுர அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 2,400 பாசிகள், எடை இருபத்தோரு, இருபத்திரண்டு கிராம். சவரன் கணக்கில் மூன்றுக்குள். அவ்வளவு பெரிய நெக்லஸ் அவ்வளவு லேசாக இருப்பது பாசிக்கு மட்டுமே வாய்த்த வரம்.

எந்த ஊர்ப் பாசி என்பதும் வடிவமைப்பின் பகுதி. ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தின் மியுகி, டோஹோ நிறுவனங்களின் பாசிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும், துளையும் பெரிது. மியுகி 1982இல் கொண்டுவந்த டெலிக்கா வகை சிறு குழாய்போல இருக்கும். அடுக்கினால் சுவர் எழும்பும். செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் பகுதியிலிருந்து வருவது கொஞ்சம் தட்டையாக, உருண்டையாக இருக்கும். வளைவுகளில் நெளிந்து படியும். நம் நாட்டுப் பாசி ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு.

இந்த ஒல்லி குண்டைப் பலர் குறை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகத்துக்குப் பாசி செய்யக் கற்றுக்கொடுத்த கரைகளில் ஒன்று நம்முடையது. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த புதுச்சேரி அரிக்கமேடு, கண்ணாடி மணிகளுக்குப் பேர்போன இடம். உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்கும் அந்த முறையில் செய்த சின்னஞ்சிறு மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் போயின. ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் அவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். அதே இழுவை முறையின் தொடர்ச்சியை அவர் திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையின் உலைகளில் கண்டார். கையால் இழுத்த குழாயை நறுக்கினால் அளவு கூடக் குறையத்தான் இருக்கும்.

கல்லைச் சுற்றி எழுப்பும் சுவருக்கு அந்தப் பாசி ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தரையை நிரப்பும் இடத்தில் அளவு மாறும் பாசிதான் நல்லது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் தரை மெஷினில் அச்சடித்ததுபோல் தெரியும். கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தால் ஒளி பட்டுப் பட்டு உடையும், கருங்கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். ஆகவே என் நெக்லஸில் சுவருக்கு ஜப்பான், தரைக்கு உள்ளூர். விலை குறைவு என்பதற்காக அல்ல.

முதல் வரிசை

நடுக்கல்லுக்கு லாப்ரடோரைட். அடி தட்டை, மேல் குவிவு, கபோஷன் என்பார்கள். பார்க்கச் சாம்பல் கல், சாய்த்தால் நீலம் மின்னும். மழை நனைத்த கருங்கல் நடைபாதைக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கல்லில் துளை கிடையாது. துணியில் எப்படி நிற்கும்? அதன் நடுவடியில் மட்டும் பசை தடவி ஒட்ட வேண்டும். ஓரம்வரை தடவினால் காய்ந்த பசைக்குள் ஊசி இறங்காது, உடையும். பசையின் வேலை தற்காலிகமாகப் பிடித்துவைப்பது மட்டும். உண்மையான பிடி, கல்லைச் சுற்றி எழும் பாசிச் சுவர்.

இங்கேதான் இந்தக் கலையின் கணிதம் தொடங்குகிறது. 11ஆம் எண் பாசியில் நாலை நூலில் எடு, கல்லின் ஓரத்தோடு படுக்கவை, துணிக்குள் இறங்கு. பின்பக்கமாக வந்து இரண்டாவது பாசிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மேலே ஏறு, கடைசி இரண்டுக்குள் மறுபடி புகுந்து வெளியே வா. இப்போது நூல் அடுத்த நாலுக்குத் தயார். தையல்காரர்கள் சொல்லும் பின்தையல்தான் இது, பாசியோடு. இப்படிக் கல்லை ஒரு சுற்று சுற்றி வந்தால் முதல் வரிசை முடியும். அந்த வரிசையின் பாசி எண்ணிக்கை இரட்டைப்படையில் முடிய வேண்டும். அதன் மேல் பெயோட் தையலில், ஒன்று விட்டு ஒன்றாகப் பாசி சேர்த்துச் சுவர் எழுப்பும்போது, ஒற்றைப்படையாக இருந்தால் சுற்று மூடாது. கடைசி ஓரிரு சுற்றுக்கு 15ஆம் எண்ணுக்கு மாற வேண்டும். பாசி சிறுத்ததும் சுற்றளவு சுருங்கும், சுவர் கல்லின் குவிவின் மேல் சாய்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இதில் வரைபடம் எங்கே இருக்கிறது? கல்லைக் கையால் தேய்த்துச் செய்ததால் அதன் சுற்றளவு வரைபடத்துக்கு அடங்காது. 38 பாசி தளர்கிறது, 40 முண்டுகிறது என்றால் ஒல்லிப் பாசி இரண்டைத் தேடிப் பொறுக்கிப் போட வேண்டும். சுவரின் உயரம் எவ்வளவு என்பதைக் கல்லின் தோள்தான் சொல்லும். ஒரு சுற்று கூடினால் கல்லின் மின்னல் மறையும், குறைந்தால் கல் நழுவும். இந்த முடிவை விரல் நுனிதான் எடுக்கிறது.

சுவர் முடிந்த பிறகு தரை. தரையில் ஒரு பெரிய கேள்வி காத்திருக்கிறது: பாசி வரிசை எந்தத் திசையில் ஓட வேண்டும்? தாள் நிறத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. ஆனால் பாசித் தையலின் அழகில் பாதி திசைதான். ஒரே பாசி, ஒரே நிறம், வரிசை கிடையாக ஓடினால் ஒரு மினுக்கம், செங்குத்தாக ஓடினால் வேறு மினுக்கம். ஏனென்றால் பாசியின் வயிற்றில் படும் ஒளியும் துளைப் பக்கத்தில் படும் ஒளியும் வேறு. கல்லைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தைத்துக்கொண்டே போனால் குளத்தில் கல் எறிந்த அலை வரும். மிகவும் பழகிய தோற்றம். நான் வட்டத்தைக் கல்லோடு நிறுத்திக்கொண்டு, தரையைச் சாய்வாக ஓடவிட்டேன். காற்று வீசும் திசை ஒன்று இருந்தால்தான் உதிர்ந்த பூவுக்கு அர்த்தம்.

நீளமான குழாய்ப் பாசிகளுக்கு வேறு மரியாதை. அவற்றின் வெட்டு முனை கூர்மை. நூலை மெல்ல மெல்ல அறுக்கும். அதனால் இரண்டு முனையிலும் ஒரு சிறு பாசியைக் காவல் வைக்க வேண்டும். பாதுகாப்புக்காக வைக்கும் அந்தப் புள்ளிகளுக்கு வேறு நிறம் கொடுத்தால் அதுவே அலங்காரமாகிவிடும். இந்த வேலையில் அலங்காரம் என்று நாம் ரசிப்பதில் நிறைய இப்படித்தான், ஏதோ ஒரு தேவையிலிருந்து பிறந்தது. அடியில் மென்தோலோ சூயிட் துணியோ கொடுத்து மூடும்போது விளிம்பில் ஓடும் பாசிக் கரையும் அப்படியே. இரண்டு துணியைச் சேர்த்துப் பிடிக்கும் தையல் அது. பார்ப்பவர்களுக்குச் சட்டம்.

சிவாஜிநகரின் கட்டில்கள்

ஆரி ஊசியில் இதைச் செய்தால் சீக்கிரம் முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிவாஜிநகரிலும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டின் பின்சந்துகளிலும் இருக்கும் எம்பிராய்டரி பட்டறைகளில், கட்டில் அளவு மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றிலும் தரையில் அமர்ந்து தைப்பார்கள். வங்காளத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த காரிகர்கள் பலர், உள்ளூர்க்காரர்கள் சிலர். கொக்கி முனை ஊசியில் பாசியை அள்ளி ஏற்றி, துணிக்கு அடியில் பிடித்திருக்கும் நூலைக் கொக்கியால் மேலே இழுத்து, சங்கிலித் தையலாகப் போட்டுக்கொண்டே போகும் வேகத்தைப் பார்த்தால் கண் இமைக்காது.

இந்தக் கொக்கி உலகம் சுற்றியது. கிழக்கிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. பாரிஸில் சார்ல்ஸ் ஜெர்மேன் த சேன்-ஒபேன் 1770இல் எழுதிய எம்பிராய்டரி நூலில் இந்த வேலை இடம்பெற்றுவிட்டது. அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸின் லூனேவில் நகரத்துக்காரர்கள் அதைப் பாசிக்கும் சமிக்கிக்கும் ஏற்ப மாற்றினார்கள். ஒரு பெரிய வித்தியாசத்தோடு: அங்கே துணியின் பின்பக்கம் மேலே இருக்கும், பாசி அடியில் நூலில் காத்திருக்கும். தைப்பவர் தான் தைப்பதைப் பார்க்க முடியாது. நம் காரிகருக்குப் பாசி கண் முன்னால் இருக்கிறது, ஒவ்வொன்றையும் பார்த்தே வைக்கிறார். பாரிஸில் 1924இல் தொடங்கிய லெசாஜ் எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான்-ஃபிரான்சுவா லெசாஜ், 1993இல் சென்னைக்கு வந்து வஸ்த்ரகலா பட்டறையை நிறுவியதை நினைத்தால், கொக்கி ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி முடித்ததாகவே தோன்றுகிறது.

ஆனாலும் நெக்லஸுக்கு நான் ஆரியை முழுதாக நம்புவதில்லை. சங்கிலித் தையலில் ஓர் இழை அறுந்தால் வரிசை முழுக்கப் பிரிந்துகொண்டு போகும். பிளவுஸில் அடியில் லைனிங் இருக்கும், உடம்போடு ஒட்டியிருக்கும், தாங்கும். கழுத்தில் தொங்கிக்கொண்டு, முந்தானையில் சிக்கி, குழந்தை கையில் மாட்டி இழுபடும் பொருளுக்கு ஒவ்வொரு பாசியும் தனியாகக் கட்டுண்டிருக்க வேண்டும். ஆகவே சட்டத்தில் ஆரியால் பின்னணியைப் போட்டுக்கொண்டு, கல்லையும் விளிம்பையும் கை ஊசியால் பின்தையலில் முடிப்பது எனக்குச் சரியாகப்படும் வழி.

சிவாஜிநகர்ப் பட்டறையில் நான் பார்த்த ஒன்று இந்தக் கட்டுரைக்கு முக்கியம். டிரேசிங் தாளில் ஊசியால் துளையிட்டு, பொடி தேய்த்துத் துணியில் இறக்கிய கோடுகள் வரும். வெறும் கோடுகள். இலைக்குள் பாசி எந்தப் பக்கம் சாய வேண்டும், நுனியில் எந்த எண்ணுக்கு மாற வேண்டும், இரண்டு கொடி குறுக்கிடும் இடத்தில் எது மேலே போக வேண்டும் என்று எதுவும் எழுதியிருக்காது. காரிகர் ஒரு நொடி பார்ப்பார், தொடங்கிவிடுவார். "இதை யார் சொன்னாங்க பாய்?" என்று கேட்டால், "யார் சொல்லணும்? துணி சொல்லுது" என்பார். அவர் துணி மேல் போட்ட அந்தப் பழி, அடக்கத்தில் சொன்னது. உண்மையில் சொல்வது துணி அல்ல, அவருடைய பல வருடப் பழக்கம். அது வடிவமைப்பு இல்லையென்றால் வேறு எது?

செய்கூலி, சேதாரம்

நகைக்கடை பில்லைப் பார்த்தால் நமக்கு ஒரு தெளிவு உண்டு. கிராம் இவ்வளவு, அன்றைய விலை இவ்வளவு, அதன் மேல் செய்கூலி, சேதாரம். பாசி நெக்லஸில் இந்தக் கணக்கு தலைகீழ். துணி, நூல், பாசி, ஒரு கல், இவற்றின் விலையைக் கூட்டினால் பெரிய தொகை வராது. மீதி எல்லாமே செய்கூலி. வாங்க வருகிறவர்கள் பலர் பொருளின் விலையை மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, "பாசிக்கா இவ்வளவு?" என்கிறார்கள். பாசிக்கு இல்லை. அந்த 40 பாசியில் எந்த இரண்டு ஒல்லியாக இருக்க வேண்டும் என்று தேடிய நேரத்துக்கு. பிரித்து மறுபடி தைத்த வரிசைகளுக்கு. மாலை வெளிச்சம் போன பிறகு விளக்கடியில் குனிந்த கழுத்துக்கு. கண்ணும் கழுத்தும் இந்தத் தொழிலின் மூலதனம், இரண்டும் தேய்பவை. பொன்னில் சேதாரம் என்று தூளுக்குக் கணக்கு எழுதுகிறோம். இங்கே தேய்வது மனித உடம்பு, அதற்கு எந்தப் பில்லிலும் வரி கிடையாது.

தைப்பவரே வடிவமைப்பாளர் என்பதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பல்லாரி மாவட்டம் சண்டூரின் லம்பாணிப் பெண்களின் எம்பிராய்டரி. கண்ணாடித் துண்டு, சோழி, நாணயம், பாசி என்று கையில் கிடைத்ததையெல்லாம் துணியில் ஏற்றி, உடம்பில் நகையாகவும் உடையாகவும் ஒருசேர அணிந்த மக்கள். துணிக்கும் நகைக்கும் நடுவில் கோடு போடாதவர்கள். பீட் எம்பிராய்டரி நெக்லஸ் என்று நாங்கள் இன்று புதிதாகப் பேசுவதை அவர்கள் பாட்டி காலத்திலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டூர் லம்பாணி எம்பிராய்டரிக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி20 கலாசாரக் கூட்டம் நடந்தபோது, 450க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் செய்த 1,755 கைவேலைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்து கின்னஸில் இடம்பிடித்தார்கள்.

அந்தக் கைவேலையில் முன்கூட்டி வரைந்த படம் என்பது பெரும்பாலும் இல்லை. தாயின் கையைப் பார்த்து மகள் தைக்கிறாள். எந்த இடத்தில் சோழி வர வேண்டும், எங்கே கண்ணாடி நிற்க வேண்டும் என்பதைத் தைத்துக்கொண்டே முடிவு செய்கிறாள். குறியீடு ஊரின் பெயரைக் காத்தது, நல்லது. அடுத்து நடக்க வேண்டியது என்னவென்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பெங்களூருவின் கைவினைச் சந்தைகளிலும் கடைகளிலும் விற்கும் ஒவ்வொரு துண்டிலும் வரைந்தவர் பெயரோடு தைத்தவர் பெயரும் இருக்க வேண்டும். கூலியைத் துண்டுக் கணக்கில் மட்டும் கொடுக்காமல், புதிய வடிவம் ஒன்றை முதன்முதலாகத் தைத்துப் பார்க்கும் மாதிரித் துண்டுக்குத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டும். அந்த முதல் துண்டில்தான் அத்தனை முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. இரண்டாவது துண்டிலிருந்துதான் அது பிரதி.

அல்சூரில் ஆரி வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் இதைத் தன் அளவில் செய்கிறார். மாதிரித் தையலுக்குத் தனி விலை சொல்கிறார். "டிசைன் நீங்க கொண்டுவந்தாலும் சாம்பிளுக்குக் காசு கொடுக்கணும்மா. யோசிக்கிறது நான்தானே?" என்று நேரடியாகச் சொல்லிவிடுவார். சிலர் முகம் சுளித்துத் திரும்பிப் போவார்கள். போகட்டும் என்பார். அவரிடம் பயின்ற பெண்கள் இப்போது அதே வார்த்தையைத் தங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஜகரண்டா நெக்லஸ் முடிந்துவிட்டது. பின்கழுத்துக்குக் கொக்கி வைக்காமல், ஏற்றி இறக்கும்படி பட்டுக் கயிறும் குஞ்சமும் போட்டேன். பட்டுப்புடவைக்குக் கழுத்தோடு ஏற்றிக்கொள்ளலாம், பருத்திக் குர்த்தாவுக்கு இறக்கிக்கொள்ளலாம். "இதேபோல் இன்னொன்று" என்று கேட்டவருக்கு, இதே தரையும் இதே கல்லும் வராது, வேறு ஒன்று செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் குல்மோஹர். சிவப்பில் வெளுக்கும் பயம் குறைவு. கண்ணாடியோடு கலந்த நல்ல சிவப்பு தாராளமாகக் கிடைக்கிறது. அதன் சிக்கல் வேறு. பக்கத்தில் எதை வைத்தாலும் சிவப்பு அதை விழுங்கிவிடுகிறது. தரைக்குச் சாம்பலை வைத்தால் சிவப்பு கத்துகிறது, பச்சையை வைத்தால் கிளிப்பொம்மை ஆகிவிடுகிறது. இப்போது செம்மண் நிறத்தில் ஒரு சிறு துண்டு தைத்துச் சன்னலோரம் வைத்திருக்கிறேன். இன்னும் முடிவெடுக்கவில்லை.